அம்பயரின் கவசத்தை யார் சோதிப்பது?

பேஸ்பால் ஆட்டத்தில் ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் குனிந்து நிற்கும் அம்பயரைத் தொலைக்காட்சியில் பார்ப்பவர்களுக்கு அவர் நிற்கும் இடத்தின் ஆபத்து உடனே விளங்காது. கேட்சர் அவருக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார். வரும் பந்தை எல்லாம் அவர் தடுத்துவிடுவார் என்று தோன்றும். உண்மையில் அம்பயர் கேட்சருக்கு நேர் பின்னால் நிற்பதில்லை. கேட்சருக்கும் பேட்டருக்கும் நடுவே உள்ள இடைவெளியில், தன் தாடை கேட்சரின் தலைக்கு மேலே வரும்படி நிற்கிறார். பந்து பிளேட்டின் ஓரத்தைத் தொட்டதா, பேட்டரின் முழங்காலுக்குக் கீழே போய்விட்டதா என்பது அங்கிருந்துதான் தெளிவாகத் தெரியும். மட்டையின் விளிம்பில் உரசித் தெறிக்கும் பந்துக்கும் அதுவே வழி.

பேஸ்பாலின் எடை 142 முதல் 149 கிராம் வரை. பந்து வீசும் பிட்சர் நிற்கும் மேட்டிலிருந்து ஹோம் பிளேட்டுக்கு 18.44 மீட்டர். மணிக்கு 145 கிலோமீட்டர் வேகத்தில் வீசப்படும் பந்து அந்தத் தூரத்தை ஏறத்தாழ 0.4 நொடியில் கடந்துவிடும். 2010 செப்டம்பரில் அரோல்டிஸ் சாப்மன் வீசிய ஒரு பந்து மணிக்கு 170 கிலோமீட்டரைத் தொட்டது. மட்டையை உரசிய பந்து அம்பயரின் முகத்துக்கு வர மிஞ்சிப் போனால் இரண்டு மீட்டர் தூரம்; நொடியில் இருபதில் ஒரு பங்கு நேரம். தலையை விலக்க அது போதாது. ஆகவே அம்பயரைக் காப்பாற்றுவது அவருடைய சுறுசுறுப்பு அல்ல. அவர் உடம்பில் கட்டியிருக்கும் பொருள்கள்தான். அவை சரியாக இருக்கின்றனவா என்று ஒவ்வொரு சீசனுக்கும் முன்னால் பார்த்தாக வேண்டும் என்பதில் எவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. யார் பார்ப்பது, எதைப் பார்ப்பது, எவ்வளவு கறாராகப் பார்ப்பது என்பதில்தான் குழப்பம் இருக்கிறது.

கிரிக்கெட் பார்த்து வளர்ந்த நமக்கு இந்த ஆபத்து புதிதல்ல. 2015 டிசம்பரில் திண்டுக்கல்லில் தமிழ்நாட்டுக்கும் பஞ்சாபுக்கும் நடந்த ரஞ்சி ஆட்டத்தில், பந்து தலையில் பட்டு ஆஸ்திரேலிய அம்பயர் ஜான் வார்டு மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டார். அடுத்த மாதமே கான்பராவில் நடந்த ஒருநாள் ஆட்டத்தில் அவர் ஹெல்மெட் அணிந்து வந்து நின்றார். கிரிக்கெட் அம்பயர் 20 மீட்டருக்கும் அப்பால் நிற்கிறார் என்பதால் இது அபூர்வமான செய்தியாக இருந்தது. பேஸ்பாலில் பிளேட் அம்பயர் அடி வாங்குவது அன்றாட நிகழ்ச்சி. ஒரே ஆட்டத்தில் இரண்டு மூன்று பந்துகள் அவர் மேல் படுவதும் உண்டு. கவசம் தன் வேலையைச் செய்வதால் அது செய்தியாவதில்லை.

அமெரிக்க உயர்நிலைப்பள்ளி ஆட்டங்களில், ஆட்டம் தொடங்குமுன் அம்பயர்கள் இரு அணிகளின் மட்டைகளையும் ஹெல்மெட்டுகளையும் எடுத்துப் பார்க்கிறார்கள். விரிசல் விட்ட ஹெல்மெட்டை ஒதுக்கிவைக்கும் அதிகாரம் அவர்களுக்கு உண்டு. 2020 ஜனவரி முதல், பள்ளி ஆட்டங்களில் கேட்சர் அணியும் மார்புக்கவசம் நாக்சே என்ற தர அமைப்பின் அளவுகோலுக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும் என்பதும் விதி. பதினைந்து வயதுப் பையனின் கவசத்தில் முத்திரை இருக்கிறதா என்று குனிந்து பார்க்கும் அம்பயர், தன் சட்டைக்குள் பத்து வருடப் பழைய கவசம் ஒன்றைப் போட்டிருக்கலாம். அதை எவரும் எடுத்துப் பார்ப்பதில்லை. வீரரின் கவசத்தை அணி வாங்கித் தருகிறது, பயிற்சியாளர் கண்காணிக்கிறார், அம்பயர் சரிபார்க்கிறார். தொழில்முறை லீகுகளுக்கு வெளியே, அம்பயரின் கவசத்தை அவரே வாங்கி அவரே பாதுகாத்து அவரே சரிபார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. இந்தக் கட்டுரை முழுக்க இந்த ஒரு குறையைப் பற்றியதுதான்.

கவசங்கள் வந்த வரலாற்றைப் பார்த்தால் இன்றைய பழக்கங்கள் எங்கிருந்து வந்தன என்று தெரியும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் அம்பயர் நீளமான கோட்டும் உயர்ந்த தொப்பியும் அணிந்து ஆட்டக்கோட்டுக்கு வெளியே ஒதுங்கி நின்ற ஒரு கனவான். அவருக்குக் கவசம் தேவைப்படவில்லை. பந்து கைக்கு அடியிலிருந்து மெதுவாக வீசப்பட்டது. கேட்சரும் தள்ளியே நின்றார். பந்தின் வேகம் கூடக் கூட, கேட்சர் பிளேட்டை நெருங்கி வர வேண்டியதாயிற்று. 1877-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பிரெட் தேயர், வாட்சண்டை வீரர்களின் முகமூடியை மாற்றியமைத்துக் கேட்சருக்கு ஒரு கம்பி முகக்கவசம் செய்தார். அடுத்த வருடமே காப்புரிமை பெற்றார். 1884-இல் நேஷனல் லீக் தோளுக்கு மேலிருந்து வீச அனுமதி கொடுத்தது. 1893-இல் பிட்சரின் தூரம் இன்றைய அளவுக்கு நகர்ந்தது. 1907-இல் நியூயார்க் ஜயண்ட்ஸ் கேட்சர் ரோஜர் பிரெஸ்னஹன் எல்லோரும் பார்க்கக் கணைக்காலில் கவசம் கட்டி வந்தார். இவை எல்லாமே முதலில் கேட்சருக்காக வந்தவை. அம்பயர் கேட்சரைப் பார்த்துக் கடன் வாங்கிக்கொண்டார். இன்றும் கடைகளில் கேட்சருக்கான அடுக்குகள் நிறைந்திருக்க, அம்பயருக்கான பொருள்கள் ஒரு மூலையில்தான் கிடைக்கும்.

மார்புக்கவசத்தின் கதை மட்டும் வேறு. அங்கே இரண்டு பெரிய லீகுகளும் இரண்டு வழியில் போயின. 1905 முதல் 1941 வரை நேஷனல் லீகில் இருந்த பில் கிளெம், கோட்டுக்குள் அணியும் மெல்லிய கவசத்துக்காக வாதாடினார். அந்த லீக் அவர் வழியில் போனது. அமெரிக்கன் லீகில் காற்றடைத்த பெரிய கவசத்தைக் கையில் பிடித்து மார்புக்கு முன்னால் வைத்துக்கொண்டார்கள். அது பெரியது, நன்றாகப் பாதுகாத்தது, ஆனால் அதை வைத்துக்கொண்டு கீழே குனிய முடியாது. ஆகவே அமெரிக்கன் லீக் அம்பயர் கேட்சரின் தலைக்கு மேலாக நிமிர்ந்து நின்று பார்த்தார். அங்கே உயரமான பந்துகளுக்கு ஸ்டிரைக் (சரியான பந்து என்ற தீர்ப்பு) கிடைக்கும், நேஷனல் லீகில் தாழ்ந்த பந்துகளுக்குக் கிடைக்கும் என்று பேட்டர்கள் பல காலம் சொல்லிவந்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம். 1977 முதல் புதிதாகச் சேர்ந்த அமெரிக்கன் லீக் அம்பயர்களுக்கு உள்கவசம் கட்டாயமாயிற்று. வெளிக்கவசத்தைக் கடைசிவரை விடாதவர் ஜெர்ரி நியூடெக்கர். 1985 சீசனோடு அவர் ஓய்வு பெற்றார். அம்பயர் எதை அணிகிறார் என்பது தீர்ப்பையே மாற்றும் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று தேவையில்லை. கவசம் சரியில்லாதவர் தன்னை அறியாமல் பின்வாங்குவார், கண்ணை மூடுவார், தலையைத் திருப்புவார். பந்தைப் பார்க்க வேண்டிய கணத்தில் பார்க்கத் தவறுவார்.

உடம்புக்கு வந்த கேடுகளும் பதிவில் இருக்கின்றன. அமெரிக்கன் லீக் அம்பயர் கேல் டிரம்மண்ட் 1969-இல் பால்டிமோரில் முகக்கவசத்தின் மேல் பந்து பட்டு மயங்கி விழுந்தார். மூளையில் அறுவைச் சிகிச்சை நடந்தது. தேறி 1970 மே மாதம் டெமாய்ன் நகரில் ஒரு சிறிய லீக் ஆட்டத்துக்குத் திரும்பியவர் அங்கேயே சரிந்து இறந்தார். முகக்கவசம் அவர் முகத்தில் இருந்தது; பந்து உள்ளே வரவில்லை; அதிர்ச்சி மட்டும் உள்ளே போயிற்று. 2017 ஏப்ரலில் டொராண்டோவில் டேல் ஸ்காட் முகக்கவசத்தில் அடிபட்டு ஸ்ட்ரெச்சரில் கொண்டுபோகப்பட்டார். முந்தைய சில வருடங்களிலும் அவருக்கு இப்படி மூளை அதிர்ச்சி ஏற்பட்டிருந்தது. அந்த வருடக் கடைசியில் அவர் தொழிலை விட்டார். முப்பது வருடத்துக்கு மேல் பெரிய லீகில் நின்ற ஒருவர் ஓய்வுக்குச் சொன்ன காரணம் தன் மூளையின் நலம். கம்பி உடையாமல் இருந்தால் போதும், கவசம் நல்லதுதான் என்று நினைக்கிறவர்கள் இந்த இரண்டு நிகழ்ச்சிகளையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

ஆகவே பரிசோதனையை முகக்கவசத்திலிருந்து தொடங்குவதே முறை. அதிக நேரமும் அதற்கே செலவிட வேண்டும். முதலில் பஞ்சுத் திண்டுகளைக் கழற்றிவிட்டு வெறும் கம்பிச் சட்டத்தைக் கையில் எடுக்க வேண்டும். திண்டு இருக்கும்போது பார்த்தால் பாதிப் பற்றுவைப்புகள் மறைந்துபோகும். கம்பியோடு கம்பி சேரும் ஒவ்வொரு இடத்தையும் நல்ல வெளிச்சத்தில் பார்த்து நகத்தால் தடவ வேண்டும். மேல்பூச்சில் முடி அளவு வெடிப்பு தெரிந்தால் அதன் கீழே உலோகத்திலும் வெடிப்பு இருக்கலாம். துரு எட்டிப் பார்த்தால் ஈரம் உள்ளே போயிருக்கிறது என்று பொருள். சட்டத்தை மேசைமேல் வைத்து, வாங்கியபோது இருந்த சமச்சீர் இன்னும் இருக்கிறதா என்று இடமும் வலமும் ஒப்பிட வேண்டும். வளைந்த கம்பியைக் குறடால் நிமிர்த்திப் பயன்படுத்துவது சிலருடைய வழக்கம். அது தவறு. ஒரு முறை வளைந்து நிமிர்ந்த உலோகம் அந்த இடத்தில் பலம் இழந்துவிட்டது. அடுத்த அடியில் அங்கேதான் முறியும். அப்படிப்பட்ட சட்டத்தை வேறு ஒருவருக்குக் கொடுக்கவும் கூடாது.

எஃகுச் சட்டம் கனமானது, நீண்ட நாள் உழைக்கும். மக்னீசியம், டைட்டானியம், அலுமினியம் கலந்தவை இலகுவானவை. கோடையில் ஒன்பது இன்னிங்ஸ் நிற்கும் கழுத்துக்கு அது பெரிய நிம்மதி. ஆனால் கனமும் ஒரு காப்பு. பந்து மோதும்போது கனமான சட்டம் குறைவாக நகரும். இலகுவான சட்டம் அதிகமாகத் தள்ளப்பட்டு அதிர்ச்சியைத் தலைக்குக் கடத்தும். அந்த வேறுபாட்டைத் திண்டுதான் ஈடுகட்ட வேண்டும். ஆகவே இலகுவான முகக்கவசம் வைத்திருப்பவர் திண்டை இன்னும் அடிக்கடி மாற்ற வேண்டும். திண்டைக் கட்டைவிரலால் அழுத்திவிட்டு எடுத்தால் உடனே எழும்ப வேண்டும். பல வருடம் தலைவைத்துப் படுத்த இலவம்பஞ்சுத் தலையணை போலக் குழிந்தே கிடந்தால் அதன் வேலை முடிந்தது. வெளித்தோல் புதிதாக இருப்பதைப் பார்த்து ஏமாறக் கூடாது. திண்டின் விலை முழு முகக்கவசத்தின் விலையில் ஒரு பகுதிதான். தலைக்கும் கம்பிக்கும் நடுவே இருப்பது அது ஒன்றுதான்.

பின்பட்டை தளர்ந்திருந்தால் முகக்கவசம் பேச்சுக்கே ஆடும். இறுக்கிக் கட்டினால் ஆபத்து இன்னொரு விதமாக வரும். மரபான முகக்கவசத்தின் பலமே, பந்து பட்டால் அது சற்றே சுழன்று, சில நேரம் கழன்று போய், அதிர்ச்சியின் ஒரு பங்கைத் தன்னோடு எடுத்துச் செல்வதில் இருக்கிறது. முகத்தில் அசையாமல் உட்கார்ந்து, கையால் இழுத்தால் ஒரே இழுப்பில் வர வேண்டும், அதுதான் அளவு. இதைச் சோதிக்க அம்பயர்கள் ஒரு நல்ல வழி வைத்திருக்கிறார்கள். எண்ணிக்கைக் கருவியை இடது கையில் பிடித்தபடியே, அதே கையால் முகக்கவசத்தைக் கழற்ற வேண்டும். வலது கை தீர்ப்புச் சைகைக்குத் தயாராக இருக்க வேண்டும். தலையில் தொப்பி இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும். தொப்பியும் சேர்ந்து வந்தால் பட்டையோ தொப்பியோ அளவில் தவறு. பிளேட்டுக்குப் பின்னால் அணியும் தொப்பிக்கு முன்மடிப்பு குட்டையாக இருப்பதும் இதற்காகத்தான்.

மரபான முகக்கவசமா, தலை முழுவதும் மூடும் ஹாக்கி பாணி ஹெல்மெட்டா என்பது இந்தத் துறையில் தீராத வாதம். 1996 செப்டம்பரில் டொராண்டோ கேட்சர் சார்லி ஓபிரையன் அந்தப் பாணியைப் பெரிய லீகுக்குக் கொண்டுவந்தார். அம்பயர்கள் பலரும் பின்பற்றினார்கள். காது, பொட்டு, பின்தலை எல்லாம் மூடியிருப்பது அதன் நன்மை. பேட்டர் சுழற்றிய மட்டை பின்னால் வந்து அம்பயரின் மண்டையில் படுவது உண்டு. அங்கே தொப்பி எந்தக் காப்பும் தராது. முன்பக்கத்து நேரடி அடியில் மட்டும் மரபான முகக்கவசமே மேல் என்று அதன் பக்கத்தார் சொல்கிறார்கள்; ஹெல்மெட் தலையை விட்டு நகராததால் அதிர்ச்சி முழுவதும் தலைக்கே போகிறது என்பது அவர்கள் வாதம். இரண்டு பக்கமும் சொல்வதில் உண்மை இருக்கிறது. சிறுவர் ஆட்டங்களில், மட்டையைக் கட்டுப்படுத்தத் தெரியாத பேட்டர்களுக்குப் பின்னால் நிற்பவருக்கு ஹெல்மெட்டே நல்லது என்று நினைக்கிறேன். வேகமான பந்துகளைப் பார்க்கும் கல்லூரி, தொழில்முறை அம்பயருக்கு நல்ல திண்டு வைத்த எஃகு முகக்கவசத்தைச் சொல்வேன். எதை எடுத்தாலும், ஹெல்மெட்டின் ஓடு ஓரத்திலும் திருகு துளைகளைச் சுற்றியும் வெடித்திருக்கிறதா என்று பார்ப்பதைத் தவிர்க்க முடியாது.

தொண்டைக்காப்பு சின்னப் பொருள். அது பிறந்த கதை பெரியது. 1976 செப்டம்பரில் சான் டியேகோவில், மட்டை பிடிக்கத் தன் முறைக்காகக் காத்திருந்த டாட்ஜர்ஸ் கேட்சர் ஸ்டீவ் யேகரின் கழுத்தில், உடைந்த மட்டையின் சிம்புகள் பாய்ந்தன. அவர் மீண்டும் விளையாட வரும்போது, அணியின் உடற்பயிற்சியாளர் பில் புலர், முகக்கவசத்தின் அடியில் தொங்கும் ஒரு தகட்டைச் செய்து கொடுத்தார். இன்று பல சட்டங்களில் அது சேர்ந்தே வருகிறது. தனியாகக் கட்டுபவர்கள் கயிறு இற்றுப்போயிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நிமிர்ந்து நிற்கும்போது தொண்டை மூடியிருக்கிறதா என்பதைவிட, குனிந்து முகத்தைத் தூக்கும்போது மூடியிருக்கிறதா என்பதுதான் கேள்வி. அந்த நிலையில்தான் பந்து வரும்.

மார்புக்கவசத்தில் பார்க்க வேண்டியது தகடும் நுரையும் பட்டையும். கெட்டித் தகடு அடியைப் பரப்புகிறது. அடியில் உள்ள நுரை அதை உறிஞ்சுகிறது. தகடுகளைச் சேர்க்கும் ஆணிகள் தளர்ந்தால் நடுவே விரல் நுழையும் இடைவெளி வரும். பந்தைவிடச் சிறிய இடைவெளிதான், ஆனால் தகடு விலகிக் கொடுத்தால் எலும்பு வரை அடி போகும். எலும்புகளில் அதிகம் கவனிக்க வேண்டியது காறை எலும்பு. கண்ணாடி முன் முழுக் கவசத்தோடு குனிந்து, கைகளை முன்னே கொண்டுவந்து, காறை எலும்பின் மேல் தகடு இருக்கிறதா, தோள் மூடிகள் மேற்கையில் சரியாக விழுகின்றனவா என்று பார்க்க வேண்டும். கவசம் உடம்போடு ஒட்டியிருக்க வேண்டும். தொங்கினால் ஒவ்வொரு அசைவிலும் பக்கவாட்டில் நகர்ந்துவிடும். பெரும்பாலும் முதலில் கெட்டுப்போவது முதுகுப்பட்டை. தகடு நன்றாக இருந்தும் பட்டையின் இழுவை போய்விட்டதால் பயனற்றுப்போன கவசங்கள் ஏராளம். பட்டையை மட்டும் மாற்றினால் அவை இன்னும் சில வருடம் உழைக்கும்.

இதயத்துக்கு மேல் படும் அடியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இதயத்துடிப்பின் சுழற்சியில் ஒரு நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு அளவுக்கு மிகச் சிறிய ஒரு கணம் இருக்கிறது. அந்தக் கணத்தில் மார்பின் இடப்பக்கம் அடிபட்டால், எலும்பு முறியாமலே, இதயம் தாறுமாறாகத் துடித்து நின்றுவிடலாம். அதற்கு அதிவேகப் பந்து தேவையில்லை. மணிக்கு 65 கிலோமீட்டர் அளவிலான அடியே ஆபத்தானது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இளம் வயதினரின் மார்புக்கூடு இளகியது என்பதால் அவர்களுக்கு ஆபத்து அதிகம். கேட்சரின் மார்புக்கவசத்துக்கு 2020-இல் விதி வந்ததன் காரணம் இதுதான். சிறுவர் ஆட்டங்களில் பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகளே அம்பயர்களாக நிற்கிறார்கள். கேட்சரின் வயதுதான் அவர்களுக்கும். அந்த முத்திரை உள்ள கவசத்தையே அவர்களுக்கும் கொடுக்க வேண்டும் என்று லீகுகள் தாங்களாகவே முடிவெடுக்கலாம். மைதானத்தில் இதயத்துக்கு மின்னதிர்ச்சி தரும் கருவி எங்கே இருக்கிறது என்று அம்பயருக்குத் தெரிந்திருப்பதும் இந்தப் பரிசோதனையின் பகுதிதான்.

2025 ஆகஸ்ட் 9 அன்று அட்லாண்டாவில் ஜென் பாவோல் களமிறங்கினார். பெரிய லீகின் வழக்கமான சீசன் ஆட்டத்தில் நின்ற முதல் பெண் அம்பயர் அவர். மறுநாள் பிளேட்டுக்குப் பின்னாலும் நின்றார். கீழ்மட்ட ஆட்டங்களில் பெண்கள் பலர் வெகுநாளாக நிற்கிறார்கள். சந்தையில் உள்ள மார்புக்கவசங்களில் பெரும்பாலானவை ஆண் உடம்பை மனத்தில் வைத்துச் செய்தவை. அளவு சரியில்லாத கவசத்தைச் சமாளித்து அணிவது கவசம் இல்லாமல் நிற்பதைவிடக் கொஞ்சம்தான் மேல். பெண்களுக்குப் பரிசோதனையில் முதல் கேள்வி தேய்மானம் அல்ல, பொருத்தம்.

இடுப்புக்குக் கீழே வேலை சுருக்கம். கவட்டுக்காப்பின் ஓடு வெடித்திருந்தால் தூக்கிப் போட வேண்டியதுதான். அதில் யோசிக்க ஒன்றுமில்லை. கணைக்கால் கவசத்தில் முழங்கால் மூடி மடங்கும் இடமும் கொக்கிகளும் முக்கியம். கொக்கிகள் காலின் வெளிப்பக்கம் வரும்படி கட்ட வேண்டும். உள்பக்கம் வந்தால் ஓடும்போது ஒன்றில் ஒன்று மாட்டிக் கீழே தள்ளும். பட்டை இழுவை இழந்தால் கவசம் சுழன்று எலும்பின் மேலிருந்து விலகிவிடும். பிளேட் ஷூவில் விரல்களுக்கு மேல் எஃகு மூடியும், பாதத்தின் மேல்பகுதிக்கு ஒரு தகடும் இருக்கும். அந்தத் தகட்டைத் தாங்கும் தையல் விட்டிருக்கிறதா, அடிப்பாகம் பிரிந்திருக்கிறதா என்று பார்த்து, பாலிஷ் போட்டு வைத்தால் சரி.

சீருடையை அழகு விஷயம் என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. கவசத்துக்கு மேல் போடும் சட்டை ஒரு அளவு பெரியதாக இருக்க வேண்டும். இறுக்கமான சட்டை கவசத்தை மேலே தூக்கிவிடும். அடிவயிறு வெளியே தெரியும். பிளேட் பேன்ட் முழங்காலுக்குக் கீழே அகலமாகத் தைக்கப்படுவது கணைக்கால் கவசத்துக்காக. பேஸ் அருகே நிற்கும்போது அணியும் பேன்ட்டை அவசரத்துக்குப் போட்டுக்கொண்டால் குனியும்போது பிடிக்கும், அம்பயர் பாதிதான் குனிவார். குளிர்காலத்தில் உடம்பு எடை கூடுவது இயல்பு. ஆகவே மார்ச் மாதத்தில் எல்லாவற்றையும் அணிந்து, ஆட்டத்தில் நிற்பது போலவே குனிந்து எழுந்து பார்க்காமல் முதல் ஆட்டத்துக்குப் போகக் கூடாது.

நிறமும் வெறும் வழக்கம் அல்ல. வீரர்கள் அம்பயரை ‘புளூ’ என்றே கூப்பிடுவார்கள். கருநீலம் அவ்வளவு காலம் அம்பயரின் நிறமாக இருந்தது. 1970-களில் அமெரிக்கன் லீக் அம்பயர்கள் மெரூன் கோட்டு அணிந்தார்கள். 2000-இல் இரு லீகுகளின் அம்பயர்களும் ஒரே அமைப்புக்குள் வந்தபோது சீருடையும் ஒன்றானது. இன்று பள்ளி ஆட்டங்களில் கறுப்பு, வெளிர்நீலம், கருநீலம் என்று சட்டைகள் உண்டு. எதை அணிவது என்று மாநிலச் சங்கம் சொல்லும். ஒரே ஆட்டத்தில் நிற்கும் இரண்டு அம்பயர்களும் ஒரே நிறத்தில் இருக்க வேண்டும் என்பது எங்கும் பொது. ஒருவர் சட்டை வெளுத்தும் மற்றவர் சட்டை புதிதாகவும் இருந்தால், வெளுத்தவரின் தீர்ப்பைத்தான் பயிற்சியாளர்கள் அதிகம் எதிர்ப்பார்கள். இதற்குப் புள்ளிவிவரம் தேவையில்லை. மைதானத்தில் ஒரு மாலை உட்கார்ந்து பார்த்தாலே தெரியும். பையிலே இரண்டாவது சட்டை ஒன்று இருப்பது வியர்வைக்கும் நல்லது, இரட்டை ஆட்ட நாளுக்கும் நல்லது. இடுப்பில் தொங்கும் பந்துப் பைகள், பிளேட் துடைக்கும் தூரிகை, சக்கரம் இறுகிப்போகாத எண்ணிக்கைக் கருவி, எழுதும் பேனா ஆகியவற்றைப் பார்க்க ஐந்து நிமிடம் போதும்.

சீசன் முடிந்ததும் பொருள்கள் எங்கே தூங்குகின்றன என்பதைப் பொறுத்துத்தான் பாதிப் பழுதும் வருகிறது. காரின் பின்பெட்டிதான் அமெரிக்க அம்பயரின் அலமாரி. கோடையில் அது சூளையாகும், குளிர்காலத்தில் உறையும். பிளாஸ்டிக் தகடு கெட்டித்து நொறுங்கும் தன்மைக்கு வரும். நுரை தன் துள்ளலை இழக்கும். வியர்வை ஊறிய திண்டில் பூஞ்சை பிடிக்கும். திண்டுகளை மிதமான சோப்பில் கையால் கழுவி நிழலில் உலர்த்த வேண்டும். சூட்டில் உலர்த்தும் இயந்திரத்தில் போடக் கூடாது. வீட்டுக்குள் காற்றாட மாட்டிவைத்த கவசம் மார்ச் மாதத்தில் அதிகச் சிக்கல் தராது.

செலவைப் பற்றிப் பேசாமல் இந்த ஆய்வு முழுமையாகாது. முகக்கவசம், மார்புக்கவசம், கணைக்கால் கவசம், பிளேட் ஷூ, இரண்டு வகைப் பேன்ட், சில சட்டைகள் என்று தரமானதாக வாங்கினால் 500 டாலரைத் தாண்டும். உள்ளூர் ஆட்டம் ஒன்றுக்குக் கிடைக்கும் ஊதியம் பெரும்பாலும் 100 டாலருக்குள். சிறுவர் லீகுகளில் அதுவும் இல்லை. 1939-இல் வில்லியம்ஸ்போர்ட்டில் தொடங்கிய லிட்டில் லீக் இன்றும் பெரிதும் தன்னார்வ அம்பயர்களை நம்பியே நடக்கிறது. புதிதாக வருபவர் ஓய்வுபெற்ற ஒருவரின் பழைய பையை வாங்கிக்கொள்வது இதனால்தான். அந்தக் கவசம் எத்தனை அடி வாங்கியது என்று அதன் முகத்தில் எழுதியிருக்காது. முகக்கவசத்தையும் கவட்டுக்காப்பையும் மட்டுமாவது புதிதாக வாங்குங்கள், மற்றவற்றைப் பழையதாக வாங்கினாலும் பட்டைகளை மாற்றிவிடுங்கள் என்பதே நான் புதியவர்களுக்குச் சொல்வது.

2026 முதல் பெரிய லீகில் பந்து ஸ்டிரைக்கா இல்லையா என்ற தீர்ப்பை வீரர்கள் கணினிக் கண்ணிடம் மேல்முறையீடு செய்யலாம். ஒரு அணிக்கு இரண்டு முறை அந்த வாய்ப்பு. இயந்திரம் வந்த பிறகு அம்பயர் எதற்கு என்று கேட்பவர்கள் கூடிவருகிறார்கள். அவர் அங்கேதான் நிற்கிறார்; முதல் தீர்ப்பு அவருடையதே. மட்டையை உரசும் பந்து இயந்திரத்தைத் தேடிப் போகாது, அவர் முகத்தைத் தேடியே வரும். பள்ளி மைதானங்களுக்கும் சிறுவர் லீகுகளுக்கும் அந்த இயந்திரம் வர இன்னும் வெகு காலம் ஆகும்.

2007 ஜூலையில், ஒரு சிறிய லீக் ஆட்டத்தில் முதல் பேஸ் அருகே நின்ற பயிற்சியாளர் மைக் கூல்பா கழுத்தில் பந்து பட்டு இறந்தார். 2008 சீசனிலேயே பேஸ் பயிற்சியாளர்களுக்கு ஹெல்மெட் கட்டாயமாயிற்று. அம்பயர்களுக்கு இன்னொரு மரணம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பல அம்பயர் சங்கங்கள் சீசனுக்கு முன் விதித்தேர்வு வைக்கின்றன, வகுப்பு நடத்துகின்றன. அதே நாளில் ஒரு நீள மேசை போட்டு, எல்லோரும் பைகளைக் கொட்டி, ஒருவர் கவசத்தை மற்றவர் சோதிக்கும் ஒரு மணி நேரத்தைச் சேர்த்தால் போதும். தன் பொருளின் பழுது தன் கண்ணுக்குத் தெரியாது, பழகிப்போயிருக்கும். தேறாத கவசத்துக்குப் பதில் வாங்க முடியாதவருக்குச் சங்கமோ லீகோ கடனாகக் கொடுக்க இரண்டு மூன்று செட் வைத்திருக்கலாம். தேறாத கவசத்தோடு யாரையும் பிளேட்டுக்குப் பின்னால் அனுப்புவதில்லை என்று ஒரு வரியை ஒப்பந்தத்தில் எழுதலாம்.

அமெரிக்காவில் தன் பிள்ளையின் லிட்டில் லீக் ஆட்டத்துக்கு அம்பயராக நிற்கக் கை தூக்கிய தமிழ்ப் பெற்றோர் யாராவது இதைப் படித்தால், லீக் அலுவலகத்தில் கொடுக்கும் பொதுப் பையை அப்படியே வாங்கி மாட்டிக்கொள்ள வேண்டாம். முகக்கவசத்தின் திண்டைக் கழற்றி, கம்பிகளை வெளிச்சத்தில் பார்த்துவிட்டு வாங்குங்கள். ஒரு கம்பியில் வெடிப்பு தெரிந்தாலும் வேறு கேளுங்கள். கிடைக்காவிட்டால் அன்று பிளேட்டுக்குப் பின்னால் நிற்காதீர்கள்.